கெஃபில் நமக்கு யாரும் இல்லை

"சாப்பிட்டாயா?" என்று ஒருவர்கூடக் கேட்காத ஊரில் ஒரு மனிதன் எவ்வளவு காலம் மனிதனாகவே இருக்க முடியும்? பெரிய பெரிய நூல்களில் இந்தக் கேள்வியைத் தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்ஃபாக்ஸ் என்ற கடற்கரை நகரத்தில், எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் பூகோள ஆசிரியர் ஷெத்லி, வசந்த விடுமுறைக்குத் திட்டம் போடப்போய் அந்தக் கேள்வியைத் தன் வாழ்க்கையாலேயே கேட்டுவிட்டார்.

வாசகரே, உறவில்லா ஊர்தேடி என்றொரு இனம் உண்டு. அதை அடையாளம் காண்பது எளிது. விடுமுறை வருகிறதென்றால் மற்றவர்கள் மழை பெய்யுமா, சாலை நன்றாக இருக்கிறதா, ஓட்டலில் வெந்நீர் வருமா என்று விசாரிப்பார்கள். ஊர்தேடி இவற்றில் எதையும் விசாரிக்கமாட்டார். அந்த ஊரில் தமக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பார். யாராவது இருந்தால் அந்த ஊர் ஒழிந்தது. ஷெத்லி வகுப்பில் மாணவர்களுக்கு மலை, ஆறு, சமவெளி என்று நாட்டைப் பிரித்துக் காட்டுவார். வீட்டுக்கு வந்தால் அவர் மனத்தில் விரிகிற வரைபடமே வேறு. தலைநகரம் தூனிஸ் என்றால் மூன்று மாமாக்கள், அவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டவர். சூஸ் என்றால் பெரியக்கா. பிஸெர்த் என்றால் பெரியம்மா. நாடு முழுவதும் அத்தைமார்களால் சூழப்பட்ட ஒரு சிறு தீபகற்பம்.

இதிலென்ன தொல்லை என்று கேட்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு உறவினர்கள் குறைவு என்று பொருள். உறவினர் இருக்கும் ஊரில் ஓட்டலில் தங்குவது எங்களிடையே கொலைக்கு அடுத்த குற்றம். கொலைக்காவது காரணம் கேட்பார்கள். ஷெத்லியின் தம்பி ஒருமுறை அவசர வேலையாகச் சூஸ் போய், யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று ஓட்டலில் ஓர் இரவு தங்கினான். எப்படியோ தெரிந்துகொண்ட பெரியக்கா, ஒரு சட்டி குழம்போடு அந்த ஓட்டல் வரவேற்பறைக்கு வந்து உட்கார்ந்து அழுத அழுகையில், ஓட்டல் முதலாளியே இறங்கிவந்து, ஓட்டல் கட்டியதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஆகவே இந்தக் குடும்பம் விடுமுறைக்குப் போகுமே தவிர எதையும் பார்க்காது. ஷெத்லியின் மனைவி நைலா இதை என் மனைவியிடம் மாடிப்படியில் நின்று சொன்ன விதம் இது: "பிஸெர்த்துக்கு ஆறு தடவை போயிருக்கேன், அக்கா. கடல் எந்தப் பக்கம்னு கேட்டா தெரியாது. பெரியம்மா வீட்டு அடுப்படி எந்தப் பக்கம்னு கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டுப் போவேன்."

விருந்தாளியான பெண் உட்கார்ந்திருக்கக் கூடாது. வீட்டுக்காரி "நீ உக்காரும்மா, உக்காரு" என்று கத்தவேண்டும், இவள் உட்காராமல் வெங்காயம் உரிக்கவேண்டும். இரண்டு பேரும் இதை மனதாரச் செய்யவேண்டும். நைலா திருமணமான நாளிலிருந்து மனதாரச் செய்துவந்தாள். இந்த வருடம் மனம் தீர்ந்துவிட்டது.

"தபர்கா?" என்று தொடங்கினாள்.

"உங்க அண்ணன் மச்சான்," என்றார் ஷெத்லி.

"அவர் செத்தே எத்தனை வருஷமாச்சு!"

"பொண்டாட்டி இருக்கா. நம்மளப் பாத்ததும் அழுவா. அழுதுகிட்டே சமைப்பா."

"ஜெர்பா?"

"அங்க எனக்கு யாருமில்ல. உனக்கு இருக்கு."

"எனக்கா? யாரு?"

"உன் பள்ளிக்கூடத்து சிநேகிதி. கல்யாணத்துக்குச் செப்புப் பானை குடுத்தாளே? பானை குடுத்தவ பாதி உறவு."

மகள் ரீம் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, தென்துருவத்துக்குப் போலாமா?" என்றாள்.

"சிரிக்காத. உன் பெரியப்பா மகன் கப்பல்ல வேலை பாக்கிறான். அவன் எங்க இருப்பான்னு யாரு கண்டா?"

அப்போதுதான் நைலா மெல்லச் சொன்னாள்: "கெஃப்?"

ஷெத்லி கண்ணை மூடி, தாய்வழி, தந்தைவழி, பெண் கொடுத்த வழி, பெண் எடுத்த வழி என்று நான்கு திசைகளிலும் தேடினார். யாரும் இல்லை. யோசித்துப் பார்த்தால் நியாயந்தான். கெஃப், நாட்டின் மறுகோடியில் உள்ள மலையூர். அங்கே மீன் கிடைக்காது. மீன் கிடைக்காத ஊருக்கு ஸ்ஃபாக்ஸ்காரன் பெண் கொடுப்பதில்லை. அந்த ஊருக்குத் தெற்கே, மேலே கத்தியால் சீவியதுபோல் தட்டையான ஒரு மலை உண்டு. மேசை மலை என்பார்கள். நைலா அதை நான்காம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறாள்.

"அதுமேல ஏறி நின்னு, ஒரு வேலையும் செய்யாம, நாலு பக்கமும் பாக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன், மனுஷா. வேற எதுவும் வேண்டாம்."

இவ்வளவோடு விட்டிருந்தால் இது ஒரு மகிழ்ச்சியான குடும்பத்தின் கதையாகி, எழுதத் தகுதியற்றுப் போயிருக்கும். ஆனால் ஊர்தேடியின் இயல்பை நீங்கள் கவனிக்கவேண்டும். யாரும் இல்லை என்று தெரிந்தால் அவருக்குப் போதாது. யாரும் இல்லை என்பதை உறவினர் ஒருவர் வாயால் உறுதிப்படுத்திக்கொண்டால்தான் நிம்மதி. ஷெத்லி, குடும்பத்தின் எல்லாக் கிளைகளையும் அறிந்த கல்தூம் அத்தைக்குத் தொலைபேசினார்.

"அத்தை, சும்மா ஒரு சந்தேகம். கெஃப்ல நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களா?"

"யாருமில்லையே, கண்ணு. எதுக்குக் கேக்கிற?"

"சும்மாதான்."

"அங்க போறியா?"

ஷெத்லி பொய் சொல்லத் தெரியாதவரல்ல; அத்தையிடம் சொல்லத் தெரியாது.

"யாருமே இல்லாத ஊருக்கா? பொம்பளப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டா? நாதியத்தவங்க மாதிரியா? போனை வை. நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்."

அதன்பின் நடந்ததை அன்பு என்றுதான் சொல்லவேண்டும். வேறு சொல் இருந்தால் நான் மகிழ்வேன். கல்தூம் அத்தை நாட்டின் நீள அகலமெல்லாம் தொலைபேசினாள். கெஃபில் யாராவது அகப்படும்வரை தான் வாயில் இனிப்பு வைப்பதில்லை என்று சபதமே எடுத்துக்கொண்டாளாம். ஒரு வாரத்தில் இனிப்புச் சாப்பிட்டாள்.

"கிடைச்சுட்டாங்க, கண்ணு! உங்கப்பா பொறந்தப்ப எங்கம்மாவுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுல ரயில்வேக்காரர் சம்சாரம், கெஃப்காரி, அவதான் பால் குடுத்தா. அப்ப அவ பிள்ளைங்க உங்கப்பாவுக்குப் பால் வழிக் கூடப்பிறந்தவங்க இல்லையா? சின்னவன் ஹம்மாதி இன்னும் இருக்கான். கெஃப்லயே இருக்கான். உனக்குச் சித்தப்பா!"

"எத்தனை நாள் குடுத்தாங்க, அத்தை?"

"ஒரு சாயங்காலம்."

"ஒரு சாயங்காலமா?"

"ஒரு வாய் போதுமாம். பள்ளிவாசல் இமாமையே கேட்டுட்டேன். பால் குடுத்தவ பொண்ண நீ கட்ட முடியாது, தெரிஞ்சுக்கோ."

"எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே!"

"பேச்ச மாத்தாத. போன் பண்ணிச் சொல்லிட்டேன், நீ வர்றேன்னு."

செய்தி கேட்டு நைலா அழவில்லை, கத்தவில்லை. மேசையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "பால் குடிச்சது உங்கப்பா. பாத்திரம் கழுவப்போறது நானா?"

ஷெத்லி அதிசயமாக ஒரு முடிவெடுத்தார். கெஃபுக்குப் போவோம்; ஓட்டலிலேயே தங்குவோம்; ஒளிந்துகொள்வோம்.

ஒளிவதென்றால் யாரிடமிருந்து ஒளிகிறோம் என்று தெரியவேண்டும் அல்லவா? ஹம்மாதி சித்தப்பாவை அவர் பார்த்ததே இல்லை. கல்தூம் அத்தையிடமிருந்து கிடைத்த அடையாளமெல்லாம் வெள்ளை மீசை, பழுப்பு மேலங்கி. கெஃபில் அறுபதைத் தாண்டிய ஆண்களில் வெள்ளை மீசையும் பழுப்பு மேலங்கியும் இல்லாதவர்கள் நோயாளிகள் மட்டுமே. ஆகவே ஷெத்லி ஊர் முழுவதிடமிருந்தும் ஒளிந்தார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு மீசையைக் கண்டு எதிர்ப்பக்கம் தாவுவார். அங்கே இரண்டு மீசைகள் நிற்கும். தன் பேச்சு காட்டிக்கொடுக்குமென்று தலைநகரத்துக்காரர்போல் மூக்கால் பேசினார். ரீம் பத்தடி தள்ளி, யாரோ போல நடந்துவந்தாள்.

ஓட்டலில் முதல் நாள் மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், பழக்கதோஷம், "இன்னிக்கு என்ன மீன்?" என்றார்.

பரிமாறுபவர் அவரை உற்றுப் பார்த்தார். "ஸ்ஃபாக்ஸா ஐயா?"

"இல்ல, இல்ல. தூனிஸ்."

"ஆகட்டும். தூனிஸ்காரருக்கு ஆட்டுக்கறி கொண்டுவர்றேன்."

ஆனால் வாசகரே, ஒரு விஷயம். யாரும் வரவில்லை. முதல் நாள் வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை. யாரும் சட்டியோடு வந்து வரவேற்பறையில் உட்காரவில்லை. நைலா மாடி முகப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, யாரோ போட்டுத் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. ஷெத்லி அறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். மதியம் கண்ணாடியைக் கழற்றினார். மாலையில் தொப்பியைக் கழற்றினார். பிறகு சதுக்கத்துக் காப்பிக்கடையில், தெருவைப் பார்த்த முதல் மேசையில் உட்கார்ந்து, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் எவரும் இல்லாமலேயே, சுத்தமான ஸ்ஃபாக்ஸ் பேச்சில் தன் பெயர், தந்தை பெயர், தந்தை பிறந்த தெருவின் பெயர் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னார். மூன்று மீசைகள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சீட்டாட்டத்தைத் தொடர்ந்தன.

"ரெண்டு நாளாச்சு," என்றார் அறைக்கு வந்து. "ஒரு போன் உண்டா? வந்தவன் செத்தானா இருக்கானான்னு பாத்தாங்களா? என்ன ஜனங்க இது?"

"நீதானே ஒளிஞ்சுகிட்ட?" என்றாள் நைலா.

"ஒளிஞ்சா தேடவேண்டாமா?"

இந்த ஒரு வாக்கியத்துக்காக ஷெத்லியை நான் பாராட்டுவதுண்டு. நான் எளிதில் பாராட்டுகிறவன் அல்ல. தனிமையைப் புகழ்ந்து எழுதியவர்கள் பலரைப் படித்திருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்ட பிறகு யாராவது தட்டுகிறார்களா என்று காதை வைத்துக் கேட்டதை அவர்களில் ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை.

கடைசி நாள் காலை மேசை மலைக்குப் புறப்பட்டார்கள். நைலா புதுக் காலணி போட்டிருந்தாள். ஊர் எல்லையை அடையுமுன் கார் இடப்பக்கம் ஒரு சந்துக்குள் திரும்பியது.

"மலை அந்தப் பக்கம்," என்றாள் நைலா.

"அஞ்சே நிமிஷம். வாசல்ல நின்னு ஒரு சலாம்."

"அஞ்சு நிமிஷத்துல நான் ஒரு மூட்டை வெங்காயம் உரிச்சிருக்கேன். இறங்கமாட்டேன்."

"அம்மா, நீ இறங்காத. நானும் இறங்கல," என்றாள் ரீம்.

ஷெத்லி தனியாக இறங்கி, கல்தூம் அத்தை சொன்ன நீலக் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. மறுபடி தட்டினார். அடுத்த வீட்டுப் பெண் மாவு ஒட்டிய கையோடு எட்டிப் பார்த்தாள்.

"ஹம்மாதி ஐயா இல்லையே. வியாழக்கிழமையே பொண்டாட்டியோட கிளம்பிட்டாரு. ஸ்ஃபாக்ஸ்லேர்ந்து ஏதோ சொந்தக்காரங்க வர்றாங்களாம். கல்தூம்னு ஒரு அம்மா தினம் போன் பண்ணிச் சொல்லியிருக்கு. பாவம், அவர் சம்சாரத்துக்கு முட்டி வலி. நின்னு சமைக்க முடியுமா, சொல்லுங்க?"

"எங்க போயிருக்காங்க?"

"அத எங்கிட்டயும் சொல்லல. தெரிஞ்சவங்க யாரும் இல்லாத ஊருக்குப் போறோம்னாரு." பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு?"

ஷெத்லி தூனிஸ்காரன் என்று சொல்லியிருக்கலாம்.

"அந்த ஸ்ஃபாக்ஸ்," என்றார்.

"ஐயோ, நீங்களா!" அவள் உள்ளே ஓடிப்போய் ஒரு சாவியோடு வந்தாள். "வந்தா குடுக்கச் சொன்னாங்க. படுக்கை விரிச்சிருக்காம். பேரீச்சம்பழமும் ஆட்டுக்கறியும் போட்ட கூஸ்கூஸ் ஃப்ரிட்ஜ்ல இருக்காம், சுடவச்சாப் போதும். ஓட்டல்ல தங்கினீங்கன்னா அவர் மானமே போயிடுமாம்."

நீங்களாக இருந்தால் அந்தச் சாவியை என்ன செய்திருப்பீர்கள்? அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். முதலில் வேறொன்றுக்குப் பதில் சொல்லுங்கள். மேலே ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்தபோது, அடுத்த விடுமுறைக்கு நீங்கள் நினைத்திருக்கும் ஊரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தீர்களா, இல்லையா? யாரும் இல்லை என்று நிம்மதியாக மூச்சுவிட்டிருந்தால், அந்த ஊரில் ஒருவர் உங்கள் பெயர் காதில் விழுந்ததும் ஊரைவிட்டு ஓடப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம். யாருக்கும் போன்செய்து உறுதிப்படுத்திக்கொள்ளாதீர்கள்.

மலைக்குப் போனார்கள். பாறையில் வெட்டிய படிகளில் ஏறி, நைலா உச்சியில் நின்று, ஒரு வேலையும் செய்யாமல், நாலு பக்கமும் பார்த்தாள். போதும் என்று அவளாகச் சொல்லும்வரை யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

திரும்பி வந்ததும் ஷெத்லி, அன்றிரவுக்கும் சேர்த்து எடுத்திருந்த ஓட்டல் அறையைக் காலிசெய்து, பெட்டிகளைத் தானே தூக்கிக் காரில் வைத்து, அந்தச் சந்துக்குப் போய் நீலக் கதவைத் திறந்தார். யாரும் இல்லாத வீட்டில் மூவரும் சித்தப்பா வீட்டுக் கூஸ்கூஸைச் சாப்பிட்டு, விரித்துவைத்த படுக்கையில் தூங்கினார்கள். காலையில் நைலா எழுந்து பார்த்தபோது, ஷெத்லி சட்டைக் கையை மடித்துவிட்டுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர்கள் சாப்பிட்டவற்றை மட்டுமல்ல, அலமாரியில் சுத்தமாக அடுக்கியிருந்தவற்றையும் இறக்கிவைத்து.

"ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்கு வந்தோம், மனுஷா?" என்று கேட்டாளாம்.

"நீ உக்காரு," என்றாராம். "உக்காரு."