சூப் ஆறிக்கொண்டிருந்தபோது

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே நானும் அப்பாவும் அப்பாவின் பிடிவாதமும் நலம். உங்கள் முழங்காலின் நலமறிய ஆவல்.

எங்கள் கல்யாணத்துக்கு அப்பா சம்மதித்துவிட்டார்! அவசரமாக எழுதுகிறேன். எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அடுப்படியில நிக்கிறவனுக்கா பொண்ணைக் கொடுப்பேன்?" என்று அவர் கத்தியது உங்களுக்குத் தெரியும். நான் விரும்பும் அந்தச் சமையல்காரரை அப்பா பார்த்ததுகூட இல்லை. அதனால் நேற்று, ஒன்றும் சொல்லாமல், அவர் சமைக்கும் இடத்துக்கே அப்பாவைச் சாப்பிடக் கூட்டிப்போனேன். பிரெஞ்சு உணவகம். அப்பா வாசலிலேயே சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார். "வீட்டை வித்தாடி சாப்பிடப் போறோம்?" உள்ளே சின்ன அறை. நெருக்கி நெருக்கி மேசைகள். காகித விரிப்பு. கரும்பலகையில் சூப், கோழி, கஸ்டர்ட், மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை. நம் தெருமுனை ஓட்டலைவிடக் கொஞ்சம்தான் கூட. அப்பா திரும்பவும் படித்தார். முகம் மலர்ந்தது.

வெங்காய சூப் வந்தது. மேலே உருகிய சீஸ். அப்பா கையைக் கட்டிக்கொண்டார். எல்லாம் வந்து சேராமல் எதையும் தொடக்கூடாது. சின்ன வயதில் உங்கள் தம்பிக்கு நீங்கள் போட்ட சட்டம்தானே அத்தை! சர்வர் சுவரோரம் நின்றார். சூப் காலியானால்தான் கோழி வரும். கோழி வந்தால்தான் அப்பா சூப்பைத் தொடுவார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். சீஸ் தோலாக இறுகியது. நானும்.

அடுப்படிக் கதவு திறந்தது. அவரே வந்தார்.

"சூப் பிடிக்கலைங்களா ஐயா?"

"மத்ததெல்லாம் வரட்டும் தம்பி."

"இதை முடிச்சாத்தாங்க அது வரும்."

"அது வந்தாத்தான் இதைத் தொடுவேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். உள்ளே போனார். புதிய சூப், கோழி, கஸ்டர்ட், ரொட்டிக்கூடை, அத்தனையையும் ஏந்தி வந்து அப்பாவைச் சுற்றி அடுக்கினார். "இங்க அப்படி வைக்கிறதே இல்லையே!" என்று முதலாளி கல்லாவிலிருந்து பதறி எழுந்தார். "எங்களுக்கும் அப்படியே வைங்க!" என்றது பக்கத்து மேசை. அப்பா எதையும் கேட்கவில்லை. சூப்பில் ஒரு வாய், கஸ்டர்டில் ஒரு வாய், ரொட்டியால் கோழிச்சாற்றைத் துடைத்து ஒரு வாய்.

"மனுஷன்னா இவன்தான். இவனைக் கட்டிக்கப் போறவ கொடுத்து வச்சவ."

"நான்தாம்ப்பா அது."

புரையேறியது. தண்ணீர் குடித்தார். கஸ்டர்டை வழித்து முடித்தார்.

"சரி."

அவ்வளவுதான் அத்தை. ஒரே சொல். உடனே கிளம்பி வாருங்கள். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசியை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவர் வந்து நிற்கிறார். எல்லா மேசையும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டதில் முதலாளி அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டாராம். அப்பா அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டார். "மாப்பிள்ளை நீங்கதான். அதுல மாத்தமே இல்ல. ஆனா வேலை, வீடு, எல்லாம் வந்து சேரட்டும். அப்புறம்தான் கல்யாணம்." அத்தை, சட்டம் உங்களுடையது. நீங்களே வந்து எடுத்துவிடுங்கள். இங்கே கல்யாணம் ஆறிக்கொண்டிருக்கிறது.