மூன்று கண்ணுக்காரனுக்காக அழுதவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. எதிர்வீட்டுக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசாது. ஆனால் வேற்றுக்கிரகவாசி என்றால் உயிரையே விடும். எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? தெருக்கோடி மாடிவீட்டுக்குப் போங்கள். அங்கே ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். விண்வெளிப் படம் எது வந்தாலும் முதல் ஆளாய்ப் போய் உட்காருவதால் தெருவே அவரை 'ராக்கெட் மாமா' என்கிறது.

ஒருநாள் காலைக் காட்சி. திரையில் பச்சைத் தோலும் மூன்று கண்ணுமாக ஒருவன், உடைந்த விண்கலத்திலிருந்து குடும்பத்தோடு இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறான். நாற்றமடிக்கிறது என்கிறார்கள், கண்ணைப் பார்த்தாலே பயமாயிருக்கிறது என்கிறார்கள், கடைசியில் ஊருக்கு வெளியே கம்பிவேலிக்குள் தள்ளிப் பூட்டுகிறார்கள். மாமா விக்கி விக்கி அழுதார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். மாமா விடுவாரா?

"இவங்கல்லாம் மனுஷங்களா சார்? தோலப் பாத்தா ஆள எடை போடறது?"

அவரையும் இரண்டு சொட்டு விடவைத்த பிறகுதான் எழுந்தார்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீடு திரும்பினால், வாசலில் வீட்டுத் தரகர். கூடவே மாடியை வாடகைக்குப் பார்க்க வந்த கணவன், மனைவி. அந்தப் பெண் பிள்ளைத்தாய்ச்சி. மாமா வருவதற்குள் மேலே போய், ஜன்னலோரம் தொட்டில் போட இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். கணவன் நெட்டையானவர், நல்ல கறுப்பு. பேச்சில் வேறு பாஷையின் இழுப்பு. மாமாவுக்கு ஈரக் கண் சட்டென்று காய்ந்தது.

"எந்த ஊரு?"

சொன்னார்.

"அதுக்கு முன்னாடி?"

"அப்பா அதுக்கும் அந்தப் பக்கத்துலேருந்து வந்தவரு."

"ஓஹோ. வீட்ல என்ன பாஷை? என்ன சமைப்பீங்க? வாசனை கீழ வருமா? சொந்தக்காரங்கல்லாம் உங்கள மாதிரியேதான் இருப்பாங்களா?"

எல்லாவற்றுக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். முடிந்ததும் மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடடா, மறந்தே போச்சே! என் மச்சினன் குடும்பத்தோட வர்றேன்னு சொல்லியிருக்கானே!"

உள்ளேயிருந்து மாமாவின் மனைவி எட்டிப் பார்த்தார். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த தனக்கு இந்த வயதில் ஒரு தம்பி முளைத்ததில், பாவம், அவருக்கே திகைப்பு.

வந்தவர்கள் வாசற்படி இறங்கினார்கள். தரகர் மட்டும் மாமாவின் காதோரம் குனிந்தார்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? இப்ப ஓடுதே ஒரு படம், அதுல மூணு கண்ணு வேஷம் போட்டவரு அவருதான்."

மாமா செருப்புகூடப் போடாமல் ஓடினார். தெருமுனையில் பிடித்துவிட்டார்.

"சார், அது நீங்களா? காலைலதான் உங்களுக்காக அழுதுட்டு வந்தேன்! ஒரே ஒரு போட்டோ சார்!"

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அப்ப வீடு குடுக்கறீங்களா?"

"அது வேறம்மா, இது வேற. நாலு பேரு வந்து போற வீடு பாருங்க."

நடிகர் குறுக்கிட்டார்.

"படத்துல இருந்தது ரப்பர்த் தோல் சார். ஷூட்டிங் முடிஞ்சதும் கழட்டிடுவேன்." தன் கன்னத்தைத் தொட்டுக்காட்டினார். "இத எங்க சார் கழட்டி வைக்கிறது?"

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். மாமா அவசரமாக எடுத்த போட்டோவில் இரண்டு முதுகுகள்தான் விழுந்தன. அதனால் என்ன? "நம்ம வீடு தேடி வந்தாரு!" என்று தெரு முழுக்க அதைக் காட்டியாயிற்று.

மாலையில் மனைவி கேட்டார்: "நெஜமாவே பறக்கும் தட்டு வந்து எறங்கினா, மாடிய அவங்களுக்குக் குடுப்பீங்களா?"

"தாராளமா! அவங்க மேலேருந்து வர்றவங்கடி. எவ்ளோ உயர்ந்த எடம்!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: புதிதாக ஒருவரைச் சந்தித்தால், பெயரைக் கேட்ட கையோடு நீங்கள் கேட்கும் இரண்டாவது கேள்வி என்ன?