பதினொரு பேரும் பாஸ்

மூன்றாவது பிரம்பும் முறிந்துவிட்டது. எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு மட்டும் ஏறவில்லை.

ஏரம்பு மாஸ்ரருக்கு நெடுந்தீவு ஒத்துக்கொள்ளவேயில்லை. வள்ளத்தில் ஏறினால் வாந்தி. ஏறாவிட்டால் கரம்பொனில் இருக்கும் மனைவி கமலாதேவிக்குக் கோபம். "பிள்ளை தவழுது. உங்களைக் கண்டால் ஆரோ எண்டு கத்துது" என்று எழுதியிருந்தாள்.

மாற்றம் கேட்டு விண்ணப்பித்தார். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் வித்தியாதரிசி கதிர்காமு பதில் போட்டார்: 'ஆண்டு முடிவில் நானே வந்து கணக்கில் சோதிப்பேன். எட்டாம் வகுப்பின் பதினொரு பேரும் தேறினால் கரம்பொனுக்கு மாற்றம். ஒருவர் தவறினாலும் நீர் அங்கேயே இன்னும் மூன்று வருடம்.' அந்தக் கடிதத்தை மாஸ்ரர், பிள்ளைகளின் பெயர் எழுதிய வகுப்பு இடாப்புக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

பிரம்பு சரிவராததால் இனிப்புக்கு மாறினார். விளங்காதவர்களுக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும்போது ஆளுக்கொரு இனிப்பு. மறுநாள் வகுப்பில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கெட்டிக்காரி எமிலிக்கே ஐயைந்து எத்தனை என்பது மறந்துபோனது.

"நேற்றுச் சொன்னனீதானே?"

"அது நேற்று, சேர்."

பெற்றோரிடம் போனார். பத்திநாதர் கடற்கரையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"உங்கட மோனுக்குக் கணக்கு ஏறுதில்லை."

"மெய்யே மாஸ்ரர்? நல்லதாப் போச்சு. வள்ளத்துக்கு ஆள் காணாமல் நிண்டனான்."

அடுத்த நாளே மகன் கடலுக்குப் போய்விட்டான். அவனைத் திரும்ப வகுப்புக்குக் கொண்டுவர மாஸ்ரர் ஒரு கிழமை அலைந்தார்.

கடைசியில், அறையிலிருந்த இடாப்பை எடுத்துவர எமிலியை அனுப்பினார். அவள் ஆடி அசைந்து வந்து சேர்ந்தாள். மாஸ்ரர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு எழுப்பி நிறுத்தி, கல்வியின் பெருமையைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் பேசினார். முடிவில் அவருக்கே கண் கலங்கியது. வகுப்பு கொட்டாவி விட்டது.

மறுநாள் காலை மணியடிக்க முன்னமே பதினொரு பேரும் வந்து இருந்துவிட்டார்கள். விளையாட்டு நேரத்திலும் வாய்பாடு. எமிலி மற்றவர்களைப் பிடித்து இருத்தி, பிழைவிட்டவனின் காதைத் திருகினாள். பத்திநாதரின் மகன் வள்ளத்துப் பலகையில் கரிக்கட்டியால் பின்னம் சுருக்கினான்.

எல்லாம் அந்தப் பேச்சின் மகிமை என்று மாஸ்ரர் நம்பினார். இப்படியொரு வல்லமை தனக்குள் கிடந்ததை இவ்வளவு காலமும் அறியாமல் இருந்துவிட்டேனே என்று வருந்தவும் செய்தார்.

மார்கழியில் கதிர்காமு வந்து சோதித்தார். பதினொரு பேரும் தேறினார்கள்.

"நீர் கெட்டிக்காரன் ஐசே. இந்தாரும் மாற்றக் கடிதம். கையெழுத்தை வையும்."

மாஸ்ரர் பேனையைத் திறந்தார். கமலாதேவியை நினைத்தார். பிறகு அந்தப் பதினொரு முகங்களையும் பார்த்தார். பேனையை மூடினார்.

"ஏலாது ஐயா. என்ர ஒரு சொல்லுக்காக இப்பிடிப் பாடுபட்ட பிள்ளையளை விட்டிட்டுப் போக எனக்கு மனம் வருகுதில்லை."

வித்தியாதரிசி நெகிழ்ந்துபோய்க் கடிதத்தை நாலாகக் கிழித்தார். பின்வரிசை வாங்கில் யாரோ விம்மினார்கள்.

"பாத்தியளே ஐயா, பாசத்தை" என்று மாஸ்ரர் கண்ணைத் துடைத்தார்.

எமிலி மெல்ல எழுந்தாள்.

"இடாப்புக்குள்ளை இருந்த கடிதத்திலை கேட்டபடி நாங்கள் பதினொரு பேரும் பாஸ் பண்ணினனாங்கள்தானே சேர். பிறகேன் போகமாட்டன் எண்டுறியள்?"