கலெக்டர் இழுத்துப்போன மனிதர்

சென்னையில் குதிரையைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். குதிரையே பிடித்துக்கொண்டு போன ஒரே மனிதர் எங்கள் டிரெய்லர்தான். லாரிக்குப் பின்னால் இழுபடும் டிரெய்லர் மாதிரி குதிரைக்குப் பின்னால் போவதால் தெரு வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். நான் கேட்டதில்லை.

அப்போது நான் மயிலாப்பூரில், நொச்சிக்குப்பம் போகிற வழியில் ஒரு சந்தில் மாடி அறை எடுத்துத் தனியாக இருந்தேன். தரமணியில் வேலை. வார நாட்களில் ஆபீஸ் பஸ், கம்ப்யூட்டர், மறுபடி ஆபீஸ் பஸ். ஞாயிற்றுக்கிழமை பேச ஆளில்லாமல், கேஸ் சிலிண்டர் போடுகிறவரைக்கூட உட்காரச் சொல்வேன். அவர் பயந்துபோய்ப் படியிறங்குவார். அப்படிப்பட்டவனின் ஜன்னலுக்குக் கீழே, கடலில் குளித்த ஒரு வெள்ளைக் குதிரையும் அதன் பின்னால் ஒரு மனிதரும் பறந்தால் எவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குதிரையின் பெயர் கலெக்டர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன்.

"இன்னா சொன்னாலும் தலைய ஆட்டும் சார். ஒண்ணும் செய்யாது" என்றார்.

பீச்சில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுவதும், முகூர்த்த நாளில் மாப்பிள்ளையைச் சுமப்பதும் கலெக்டரின் உத்தியோகம். முதுகில் ஆள் இருக்கும்வரை பசு. வேலை முடிந்து வெறும் முதுகோடு வீடு திரும்பும்போதுதான் வம்பு. கழுத்தை நீட்டி ஒரு இழுப்பு இழுத்தால் டிரெய்லரின் செருப்பு ஒரு தெருவிலும் கால் அடுத்த தெருவிலும் இருக்கும். ஒருமுறை ஒரு கட்சிக் கூட்டத்துக்குள் இழுத்துப்போய்விட்டது. அவர் வந்த வேகத்தைப் பார்த்து யாரோ முக்கியஸ்தர் என்று சால்வை போர்த்திவிட்டார்கள்.

பீச்சிலிருந்த மற்ற குதிரைக்காரர்கள் சொல்லாத புத்தி இல்லை. முன்னால் நின்று இழுக்காதே, அதன் தோளையொட்டி நட, கயிற்றைத் தளர விடு, முண்டினால் ஒரு வட்டம் சுற்ற வை, செத்தாலும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே என்றார்கள். டிரெய்லரும் கலெக்டரைப் போலவே தலையாட்டிவிட்டு, மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். அவர் இறுக்க இறுக்க அது இழுக்கும். அது இழுக்க இழுக்க அவர் இறுக்குவார்.

வீட்டுக்கார மாமிக்குப் பொறுக்கவில்லை. "கயித்த விட்டுடேன்ப்பா. கை பிஞ்சிண்டு வந்துடப் போறது" என்றாள்.

"வுட்டா பூடும்மா" என்றார் அவர், இழுபட்டபடியே.

அந்தக் கையை ஒருநாள் பக்கத்தில் பார்த்தேன். கயிறு அறுத்த தழும்பு வளையல் போட்டதுபோல் இருந்தது. மனைவி காலமாகி வெகுநாளாகிறது. குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்தபோது பிள்ளைகள் போய்விட்டார்கள். இவரும் போயிருப்பார், லிப்ட்டில் குதிரையை ஏற்ற விடவில்லை. ஞாயிறு தோறும் வருகிறோம் என்றார்கள். கொஞ்ச நாள் வந்தார்கள். பிறகு போன் வந்தது, பிறகு அதுவும் இல்லை.

"புள்ளைங்கள கையில கட்டி வெச்சிக்க முடியுமா சார்? இத்த முடியுமில்ல" என்றார்.

தி.நகரில் ஒரு கல்யாணம். எனக்கும் போக்கிடமில்லை, சாப்பாடும் உண்டு என்று நானும் கூடவே போயிருந்தேன். அழுக்குக் கயிறு வீடியோவில் அசிங்கமாகத் தெரியும் என்று பெண் வீட்டார் ஜரிகை சுற்றிய வழவழப்பான புதுக் கயிறு ஒன்றைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை இறங்கி உள்ளே போனார். டிரெய்லர் குதிரையைத் திருப்பினார். பின்னாலிருந்து சரவெடி. கலெக்டர் ஒரே இழுப்பு. ஜரிகைக் கயிறு மணிக்கட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

ஆட்டோ பிடித்துத் தேடினோம். பாண்டி பஜாரில் வெள்ளைக் குதிரையைப் பார்த்தீர்களா என்று கேட்டால் எந்தக் கடையில், என்ன விலை என்று திருப்பிக் கேட்டார்கள். டிரெய்லர் சிரிக்கவில்லை. வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தார். அவ்வளவு தனியாக உட்கார்ந்திருந்த ஒரு மனிதரை, அதுவும் என் பக்கத்திலேயே, நான் பார்த்ததில்லை.

கடைசியில், போலீசில் சொல்லலாம், அதற்குக் குதிரையின் போட்டோ வேண்டும் என்று அவருடைய தகரக் கொட்டகைக்கு வந்தோம். உள்ளே வாளியில் வாயை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது கலெக்டர். கழுத்தில் கல்யாண மாலை, பாதி தின்றது போக மீதி. இத்தனை நாளும் அது இழுத்தது இந்த வாசலுக்கு வரத்தான். தப்பித்துப்போக என்று நினைத்துத் தெருவே சிரித்திருக்கிறது.

டிரெய்லர் அதன் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். "நீயாச்சும் வந்தியே நைனா" என்றார்.

அதன்பிறகு அவர் கயிற்றைக் கையில் சுற்றவேயில்லை. தோளையொட்டி, கயிறு தொய்ய நடந்தார். கலெக்டர் பழக்க தோஷத்தில் முண்டும், ஒரு வட்டம் சுற்ற வைப்பார், மறுபடி நடப்பார்கள். வேடிக்கை போயிற்றே என்று தெருவுக்கு வருத்தம்.

நான் கொட்டிவாக்கத்துக்கு வீடு மாறியபோது, அடிக்கடி வருகிறேன் என்றேன். எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பார். "வந்தா டீ கீது சார்" என்றார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இப்போது எனக்குக் கால் நிற்பதில்லை. கொட்டிவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து அந்தத் தகரக் கொட்டகைக்குப் போய்விடுகிறேன். என்னை யாரும் கட்டி இழுக்கவில்லை.