மூக்கரின் இரண்டு போத்தல்

உலகத்தில் மூக்கு என்று ஒன்று உண்டென்றால் அது குருநகரில், எங்கள் ஒழுங்கையில், மூக்கர் முகத்தில்தான் இருக்கிறது. மற்ற எல்லோரும் சும்மா மூச்சுவிட ஓட்டை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மூக்கர் வெளிநாட்டுக் கப்பலில் சாப்பாடு பரிமாறி ஓய்வுபெற்றவர். பிரான்சிலிருக்கும் மகள், ஊருக்கு வருகிறவர்களிடம் போர்ட் என்கிற திராட்சை வைன் கொடுத்துவிடுவாள். எல்லாப் போர்ட்டும் ஆகாது. "ஒரே வருசத்து முந்திரிகைப் பழமாய் இருக்கவேணும். நாலைஞ்சு வருசம் பீப்பாயிலை கிடந்து, பிந்திப் போத்தலுக்குப் போயிருக்கவேணும்," என்பார். வேறு வேறு வருடத்துப் போத்தல் இரண்டு சேர்ந்தால்தான் திறப்பார். ஒப்பிடாமல் குடிப்பது அவருக்குப் பாவம். முதல் நாளே இரண்டையும் அந்தோனியார் சுரூபத்தின் கீழே நிமிர்த்தி வைப்பார், மண்டி அடியில் தங்கவேண்டுமாம். அன்றைக்கு ஒழுங்கையில் ஒரு வாகனம் போக முடியாது.

"டேய், உந்த ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போடா! மண்டி கலங்குது!"

மறுநாள் வேட்டித் துணியில் வடித்து, எனக்கும் வலை பொத்துகிற நண்பன் பற்றிக்குக்கும் ஆளுக்கு இரண்டு விரற்கடை தருவார். எங்களுக்கு இரண்டும் இனிக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இது பனம்பழப் பினாட்டு. மற்றது நாவற்பழம், கடைசியிலை கறுவாப்பட்டை," என்பார்.

"ஓம் அண்ணை, கறுவா," என்போம். கறுவாவைக் கண்டோமா, கத்தரிக்காயைக் கண்டோமா!

போன வருடம் ஒரு காய்ச்சல் வந்து அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. மீன் நல்லதா பழுதா என்று சந்தையே வந்து கேட்கும் மனுசன், அடிப்பிடித்த சோற்றைத் தெரியாமல் தின்றார். புதிதாக வந்திருந்த இரண்டு போத்தலையும் எங்களிடம் தந்தார்.

"வைச்சிருங்கோ. மணம் வந்தால் கேக்கிறன்."

வைத்திருந்தோம், ஒன்றை மட்டும். மற்றதைச் சும்மா ருசி பார்க்கத்தான் திறந்தோம், அடிமண்டி தெரிந்தபோதுதான் நிறுத்தினோம். வெறும் போத்தலில் கடையில் வாங்கிய முந்திரிகை ரசமும் கொஞ்சம் சாராயமும் ஊற்றித் தக்கையை அடித்துவைத்தோம். எங்களைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

மூன்று மாதம் கழித்து, ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிட்டார். "இண்டைக்கும் மணக்கேல்லை எண்டால் கிளாசுகளை ஆருக்கும் குடுத்திடுவன். பிறகு நான் ஆரடா?"

அவர் தக்கையைப் பார்க்கமுன் நாங்களே திறந்து வடித்தோம். முதலில் அவர் கையில் எடுத்தது எங்கள் தயாரிப்பு. 'நல்லாயிருக்கு' என்றால் நாங்கள் தப்பினோம், மூக்கு போனது போனதுதான். அந்தோனியார் தொலைந்ததைத் தேடித் தருகிறவர். கடவுளாணை, என்னைப் பிடித்துக்கொடும் என்று அவரை மன்றாடினேன்.

முகர்ந்தார். இன்னொருதரம் முகர்ந்தார். அவர் மனைவி சிலுவை போட்டுக்கொண்டார்.

"இது... ரசமெல்லே! சாராயம் வேறை! டேய், என்ரை போத்தலைக் குடிச்சிட்டியளோ, கள்ளப் பயலுகளே!"

"ஐயோ, மணந்திட்டுது! இவருக்கு மணந்திட்டுது!" என்று மனைவி கத்தினார். பற்றிக் அழுதேவிட்டான். மூக்கர் எங்கள் பரம்பரையையே இழுத்து ஏசினார். என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் ஏசுங்கோ," என்றேன்.

ஏசிக் களைத்து, மற்றப் போத்தலை மூன்று கிளாசில் ஊற்றினார். கள்ளர் எங்கள் இருவருக்கும்தான் கூடுதல்.

"கறுவா இருக்கோ பாருங்கோடா."

"ஓம் அண்ணை, கறுவா," என்றேன். அன்றைக்கு எனக்கும் மணந்தது.