துரை ஓட்டாத மொரிஸ் மைனர்

டிக்கோயா,
14.03.2007

பழைய மோட்டார் வாகன விளம்பர இணையத்தளத்தின் ஆசிரியர் அவர்கட்கு,

மதிப்புக்குரிய ஐயா,

தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இந்த வேண்டுதலுக்கும் கீழ்வரும் முறைப்பாட்டுக்கும் தொடர்பில்லை. நலம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று கன்னியர் மடப் பள்ளியில் படிப்பித்தார்கள். தங்கள் தளத்துக்கு ஆசிரியர் என்று ஒருவரே கிடையாது, யாரும் எதையும் எழுதிப் போடலாம் என்று ஹற்றனில் போனும் இன்ரநெற்றும் வைத்திருக்கும் கம்யூனிகேஷன் கடை ஷப்னா சொல்கிறாள். அப்படி ஒரு பத்திரிகை இருக்க முடியாது என்பதால் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

போன கிழமை கனடாவிலிருந்து மருமகன் சஞ்சயன், "மாமி, மாமான்ர கார் இன்ரநெற்றில விலைக்குக் கிடக்கு, பாருங்கோ" என்றான். ஷப்னாவைக் கொண்டு அச்செடுத்துப் பார்த்தேன். 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர், 1964 முதல் 1985 வரை நாங்கள் வைத்திருந்து விற்றதேதான். பின் இடது கதவைக் கொண்டு அடையாளம் கண்டேன். அதன் கைப்பிடியை "இங்கிலாந்திலிருந்து வந்த அபூர்வப் பித்தளை வேலைப்பாடு" என்று வர்ணித்திருக்கிறீர்கள். அது நோர்வூட்டுக்கு அருகே எங்கள் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியின் மருந்து அலுமாரிக் கைப்பிடி. காரின் கைப்பிடி கழன்று விழுந்த அன்று, அங்கே மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்த என் கணவர் பேரின்பநாயகம் அதை எடுத்துப் பூட்டினார். அதன்பின் கார் திறந்தது, அலுமாரி திறக்கவில்லை.

"வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் மட்டுமே இருந்தது" என்கிறீர்கள். நாங்கள் கண்டிக் கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு புறக்டரிடம் வாங்கினோம். எங்கள் தோட்டத்தை நடத்திய துரை இந்தக் காரைத் தொட்டது ஒரே ஒரு தடவை. நடுவழியில் நின்றுபோனபோது பின்னாலிருந்து தள்ளினார். தள்ளியவரெல்லாம் உரிமையாளர் என்றால் மூக்கன், பழனியாண்டி உட்பட, தொழிலாளர் குடியிருக்கும் எட்டாம் நம்பர் லயம் முழுவதும் உரிமையாளர்கள். "மழை படாதது" என்கிறீர்கள். வருஷத்தில் எட்டு மாதம் மழை பெய்கிற இடத்தில், கூரை ஒழுகி, காருக்குள் குடை பிடித்துப் போன குடும்பம் எங்களுடையது. "மிகக் குறைந்த மைல்" உண்மைதான். மைல் எண்ணும் மீட்டர் 1969இல் நின்றது, இனி இதற்கு வயசாகாது என்று என் கணவர் சந்தோஷப்பட்டார். "அசல் தோல் இருக்கை" ரெக்சின். 1968 ஆனி மாதம் லயத்துப் பெண் வீரம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், வளைவுகள் முடிவதற்குள் பின் சீட்டில் என் கணவரின் கைகளிலேயே நல்லமுத்து பிறந்தான். கார் ஒரு நிமிஷமும் நிற்கவில்லை. சீட்டைத்தான் பிறகு மாற்ற வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். "துரைசானி ஒருவர் மட்டுமே மென்மையாக ஓட்டியது" என்ற வரியைப் பொறுக்க முடியவில்லை. அந்த ஸ்டியரிங்கைப் பெண் எவளும் தொட்டதில்லை. இருபத்தொரு வருஷமும் ஓட்டியவர் என் கணவர். லயங்களுக்குள் எப்போதும் முதல் கியரிலேயே வருவார். அது அவருடைய கண்ணியம்.

விற்பவர் பைஸரை நேரில் கண்டேன். ஹற்றனில் மோட்டார் பாகங்கள் விற்கிறார். மரியாதை தெரிந்தவர், நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தார்.

"டாக்டரம்மா, தொரை காருன்னு போட்டாத்தான் போன் வருது. டிஸ்பென்சர் காருன்னா யாருங்க எடுப்பா?"

"டாக்டரம்மா இல்லைத் தம்பி. அவர் டிஸ்பென்சர்."

"பாருங்க, நீங்களே கொறச்சி சொல்றீங்க. நான் கூட்டிச் சொன்னாத்தானே சரியா வரும்."

"துரைசானி ஓட்டினதை நீர் கண்டனீரோ?"

"காணலம்மா. பொம்பள ஓட்டுனதுன்னா வண்டிய நல்லா வச்சிருப்பாங்கன்னு நம்புவாங்க. எல்லாரும் போடுறதுதான்."

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, நுவரெலியாவில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர் வந்து காரைக் கொண்டுபோகிறாராம். ஹோட்டல் வாசலில் நிறுத்தி, தங்கள் விளம்பரத்தில் உள்ளபடியே பலகை எழுதி வைப்பாராம். யோசித்துப் பாருங்கோ ஐயா. கொட்டுற மழையில நோயாளியளைக் கொண்டு திரிஞ்ச மனுசன்ர பேர் எங்கையும் இல்லை, ஒருக்காத் தள்ளினவர்ர பேர் பலகையில. அதற்கு முன் விளம்பரத்தைத் திருத்தி, "உரிமையாளரும் ஓட்டுநரும்: சி. பேரின்பநாயகம், டிஸ்பென்சர்" என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

தங்கள் குடும்பத்தார் சகல சௌபாக்கியங்களும் பெறவும், ஷப்னா சொல்வது உண்மையானால் தங்கள் தளத்துக்கு விரைவில் ஓர் ஆசிரியர் வாய்க்கவும் இறைவன் அருள்வாராக.

இப்படிக்கு,
திருமதி கனகாம்பிகை பேரின்பநாயகம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் வீரம்மா வந்தாள். அவளைப் பற்றியும் எழுதியிருப்பதால் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதாங்கம்மா. ஐயா பின்னால எம்புள்ளய ஏந்திக்கிட்டு இருந்தாருல்ல, அப்ப வண்டிய ஓட்டுனது யாருங்க?" என்றாள்.

பிழையைக் கண்ட பிறகு கடிதத்தை அப்படியே அனுப்புவது என் பழக்கமல்ல. என் கணவருக்கு முதல் கியருக்கு மேல் வராது. தோட்ட எல்லைக்கு வெளியே ஓட்டியது நான். திரும்பி வரும்போது லயம் தெரியும் கடைசி வளைவில் இறங்கி இடம் மாறிக்கொள்வோம். வீரம்மாவைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது என்றே இத்தனை காலம் இருந்துவிட்டேன். "லயத்துல எல்லாருக்கும் தெரியும்மா. ஐயா மனசு நோகும்னு யாரும் வாய் தொறக்கல" என்கிறாள்.

ஆகவே பெண் ஓட்டியதாகச் சொல்லும் வரியை நீக்க வேண்டாம். விளம்பரத்தில் சரியாக இருப்பது அது ஒன்றுதான். "துரைசானி"யை மட்டும் வெட்டிவிட்டு, "தோட்டத்துக்குள் ஓட்டியவர் பேரின்பநாயகம், வெளியே ஒரு பெண்" என்று போடவும். அந்தப் பெண்ணின் பெயரைப் போட வேண்டாம். அவளிடம் ஒருநாளும் லைசென்ஸ் இருந்ததில்லை.