ஆவிக்கு எத்தனை வோட்ஸ்?

செங்கலடியில் ஒரு கம்பியூட்டருக்குப் பேய் பிடித்துவிட்டதாம். இந்தச் செய்தி பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. வவுணதீவுச் சனம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்தது. குருக்கள்மடத்துச் சனம் வான் பிடித்து வந்தது. யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்ததால் பாதையெல்லாம் திறந்திருந்தது. நேற்றுவரை அடையாள அட்டை இல்லாமல் மனிதன் தாண்ட முடியாத சோதனைச் சாவடிகளை ஓர் ஆவி எப்படித் தாண்டி வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் கலைந்துவிடும். வாசலில் கச்சான் விற்கிறவளுக்கும் நட்டம்.

பேய் பிடித்த கம்பியூட்டர் சுலோஜனாவுடையது. சந்தைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு சிறிய இன்டர்நெட் கடை. பகலில் கட்டாருக்கும் கனடாவுக்கும் கடிதம் போகும். பின்னேரம் பெடியன்களின் விளையாட்டு நடக்கும். விளையாட்டுக்கென்றே அவள் ஒரு கம்பியூட்டரைப் பழைய மதர்போர்ட் பலகையும், திரையில் படம் வரைகிற புதுப் படக்கார்டுமாகப் பொருத்தி வைத்திருந்தாள். வந்தாறுமூலையில் படிக்கிற திவாகரன் அதை "ஏத்தி" விட்டிருந்தான். செய்தவன் வைத்த வேகத்துக்கு மேலே கம்பியூட்டரின் மூளையை ஓடவைப்பதற்குச் செங்கலடியில் அதுதான் சொல். கடைக்கு வருமானமென்று ஒன்று இருந்தால் அது இந்தக் கம்பியூட்டரால்தான்.

ஆவியின் குணம் விசித்திரமானது. கடிதம் அடித்தால் வராது. படம் பார்த்தால் வராது. கப்பல் சண்டை விளையாட்டில், கப்பல் கரையோரம் நிற்கும்வரைகூட வராது. கப்பல் ஆழ்கடலுக்குப் போய் அலைகள் பனையளவு எழும்பும்போதுதான் வரும். திரை இருண்டுவிடும், பெட்டி ஒரேயடியாக அணைந்துவிடும்.

சனம் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பீரங்கிச் சத்தம் கேட்டுப் பயப்படுவதால் இது யுத்தத்தில் செத்த ஆவி என்றது ஒரு கட்சி. அலையைக் கண்டு பயப்படுவதால் சுனாமியில் போன ஆவிதான் என்றது மறு கட்சி. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்ல மூன்றாவதாக ஒரு கட்சி இல்லை.

இத்தனைக்கும் கம்பியூட்டரின் வருத்தம் இன்ன நோயென்று முதல் நாளே கண்டுபிடித்தாயிற்று. சுலோஜனாவோடு ஒன்றாகக் கம்பியூட்டர் படித்தவள் ஹஸீனா. ஏறாவூரில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் சுலோஜனா போனில் கேட்டாள்.

"பவர் சப்ளைய மாத்துங்க சுலோ. அதுக்குச் சக்தி காணாது," என்றாள் ஹஸீனா.

பவர் சப்ளை என்பது சுவர்க் கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிறவற்றுக்குப் பங்கு போடுகிற தகரப் பெட்டி. அதன் மேல் ஐந்நூறு வோட்ஸ் என்று பளபளப்பாக ஒட்டியிருந்தது. இது காணாதா, ஐந்நூறு போதாதா என்று சுலோஜனா அதை அப்படியே விட்டுவிட்டாள். ஆனால் போனின் சத்தம் பெரிது. குசினிக்குள் நின்ற அவளுடைய தாய் ஆச்சிப்பிள்ளையின் காதில் இரண்டே இரண்டு சொற்கள் விழுந்தன. சக்தி காணாது.

ஆச்சிப்பிள்ளை நேரே கரண்டுச் சாமியிடம் போனாள்.

நல்லரத்தினம் என்று கொழும்புக்குப் போனவர் கரண்டுச் சாமியாகத் திரும்பி வந்திருந்தார். அங்கே எந்த மரத்தடியில் தவம் இருந்தார் என்று ஊருக்குத் தெரியாது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சாமி சொன்னார்:

"ஓம் தாயே, சக்திதான் காணாது. கடலில போன புள்ள ஒண்டு இருக்குதா?"

இந்தக் கரையில் அந்தக் கேள்வியை எந்த வீட்டில் கேட்டாலும் குறி தப்பாது. ஆச்சிப்பிள்ளையின் மகன் நிலோஜன், 2004 டிசம்பரில் குருக்கள்மடத்தில் மாமி வீட்டுக்குப் போயிருந்த அன்று அலை வந்தது. உடல் கிடைக்கவில்லை.

சாமி வந்தார். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கச் சொன்னார். பெட்டியின் பக்கத் தகரத்தைக் கழற்றினார். சாம்பிராணிப் புகை கண்ணை எரிக்க, உள்ளே கைவிட்டு வெள்ளிச் சதம்போல் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதுதான் ஆவிட கண்." அதைத் திருநீற்றுத் தட்டில் வைத்து, ஒரு தேவாரம் படிக்கிற அளவுக்கு மந்திரம் சொன்னார். திரும்ப மாட்டினார். அலை எழும்பியது. கம்பியூட்டர் அணையவில்லை. படம் மட்டும் நொண்டி நொண்டி ஓடியது.

அதைவிடப் பெரிய அதிசயம் திரையின் மூலையில் நின்றது. திகதி 2004ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி.

"பாத்தியளா, அலை வர முதல் காலத்துக்குப் போயிட்டான்," என்றார் சாமி.

ஆச்சிப்பிள்ளை திரையைத் தடவினாள். அந்தத் திகதியில் அவள் மகன் உயிரோடு இருந்தான்.

கிழமை போகவில்லை, ஆவி திரும்பி வந்தது. சாமியும் திரும்பி வந்தார். மறுபடி கண், மறுபடி 2004, மறுபடி ஆவி. கடைசியில் சாமி தீர்ப்புச் சொன்னார். பறுவத்தன்று, முழு நிலா நாளில், கம்பியூட்டரை முழுதாகத் தன்னிடம் தரவேண்டும். தனியே தோணியில் போய் வாவியில் கரைத்துவிடுவார். அதுவரை தாய் ஒரு பருக்கை சோறும் தொடக்கூடாது, பால் மட்டும்.

ஆச்சிப்பிள்ளைக்குச் சீனி வருத்தம், பசி கிடக்கக்கூடாத நோய். இரண்டு தரம் மயங்கி விழுந்தாள். மயக்கத்தையும் சனம் அருள் என்றது.

"அம்மா, ஒரு வாய் சாப்பிடன்."

"உன்ட தம்பி கரை சேரட்டும் மகள்."

கம்பியூட்டர் போனால் போகட்டும் என்றுகூடச் சுலோஜனாவுக்குத் தோன்றியது. பறுவம் வருவதற்குள் தாய் போய்விடுவாள் என்பதுதான் பயம். அந்த வேளையில்தான் திவாகரன் கதிரையில் இருந்தபடி முணுமுணுத்தான்.

"என்ன சாமி அக்கா இவர். வந்து போற ஒவ்வொரு தரமும் கம்பியூட்டர் சோம்பேறியாகிடுது. நான் மறுகா முதல்ல இருந்து ஏத்த வேண்டிக் கிடக்கு."

சுலோஜனா கிறுகித் திரும்பிப் பார்த்தாள். "என்ன சொன்னாய்?"

"வேகம், திகதி எல்லாம் அழிஞ்சு போகுது. நான் ஏத்தினாத்தான் விளையாடலாம்."

"நீ ஏத்தாம விட்டா ஆவி வருதா?"

திவாகரன் யோசித்தான். அவன் யோசித்ததை அவள் அன்றுதான் பார்த்தாள். "இல்லக்கா. ஏத்தினாப் பிறகுதான்."

சுலோஜனா ஹஸீனாவுக்குப் போன் எடுத்தாள். இந்த முறை சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டாள்.

பறுவத்தன்று கடை வாசலில் தொடங்கிச் சந்திவரை சனம் நிரம்பி வழிந்தது. சாமி வேப்பிலைக் கட்டோடு வந்து இறங்கினார். சுலோஜனா கைகூப்பினாள்.

"கரைக்க முதல் கடைசித் தரம் ஒருக்கா ஆவிய நிப்பாட்டிக் காட்டுங்க சாமி. இண்டைக்குக் கண்ணத் தொட வேணாம். மந்திரம் மட்டும் போதும்."

"கண்ணத் தொடாம எப்பிடிப் புள்ள?"

"மந்திரத்துக்குக் கை தேவையா சாமி?"

கூட்டம் வேடிக்கை கேட்டது. "சொல்லுங்க சாமி," என்றது. சாமி சொன்னார், வழக்கத்தைவிட நீளமாக. அலை எழும்பியது. திரை இருண்டது.

"ஆவி கோவமா நிக்குது," என்றார் சாமி.

சுலோஜனா வயரைப் பிடுங்கினாள். கொண்டை ஊசியால் அந்தக் கண்ணை நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். மந்திரத்துக்குப் பதிலாக, பள்ளிக்கூடத்தில் நின்றதுபோல நிமிர்ந்து நின்று, ஏழாம் வாய்ப்பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னாள். கண்ணைத் திரும்ப மாட்டினாள். மூலையில் 2004 ஜனவரி. அலை எழும்பியது. கம்பியூட்டர் அணையவில்லை.

"ஏழாம் வாய்ப்பாட்டுக்கும் ஆவி பயம்தான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முதல் சிரிப்பு அங்கேதான் கேட்டது.

"இது கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல, பற்றரி," என்றபடி, ஏறாவூரிலிருந்து வந்து கூட்டத்துக்குள் நின்ற ஹஸீனா முன்னால் வந்தாள். "கழட்டினா கம்பியூட்டர் ஏத்தினத மறந்து பழைய வேகத்துக்கு வந்திடும். திகதியும் பலகை செய்தவன் வச்ச நாளுக்குப் போயிடும். வேகம் குறைஞ்சா கரண்டும் குறையக் கேக்கும், அணையாது. அலை வந்தாப் படக்கார்ட் கூடக் கேக்கும். ஏத்தின மூளையும் கூடக் கேக்கும். இந்தப் பவர் சப்ளையால குடுக்க ஏலாது."

"ஐந்நூறு எண்டு ஒட்டியிருக்கே," என்றார் ஒருவர்.

"ஒட்டினவன் ஆயிரம் எண்டும் ஒட்டுவான். தூக்கிப் பாருங்க."

கழற்றிய பழைய பவர் சப்ளைப் பெட்டி கைமாறிப் போனது. வெறும் பால்மா டின் கனம். ஹஸீனா கொண்டுவந்த புதுப் பெட்டியைத் தூக்கியவர் இரண்டு கையும் கொடுத்தார்.

"உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் எவ்வளவு கேக்கும் எண்டு கூட்டுங்க. ஏத்தினா இன்னும் கேக்கும், அதையும் கூட்டுங்க. மேல கொஞ்சம் மிச்சம் வச்சு வாங்குங்க. எங்கட ஊரிலயும் இதே கதைதான். அங்க இதுக்குப் பேர் ஜின்."

புதுப் பெட்டியை மாட்டினாள். திவாகரன் எல்லாருக்கும் தெரியத்தக்கதாகக் கம்பியூட்டரைப் பழையபடி ஏற்றினான். கப்பல் ஆழ்கடலுக்குப் போனது. அலை பனையளவு எழும்பியது, விழுந்தது, மறுபடி எழும்பியது. கப்பல்தான் நனைந்தது. கம்பியூட்டர் ஓடியது.

சாமி விடவில்லை. "ஆவி ஒளிச்சு நிக்குது. முழுதாத் தாங்க, கரைச்சிட்டு வாறன்."

"தாறம் சாமி. நாலு துண்டா உடைச்சிட்டுத் தாறம், கரையச் சுகம்," என்றாள் சுலோஜனா.

"உடைக்கப்படாது."

"உடைஞ்சா விக்க ஏலாது, என்ன சாமி?" என்றாள் ஹஸீனா.

சாமி அவசரமாக எழும்பினார். வேப்பிலைக் கட்டு நழுவியது. அதற்குள்ளிருந்து திருகாணி கழற்றுகிற சின்னத் திருப்புளி ஒன்று உருண்டு வந்து கச்சான்காரியின் காலடியில் நின்றது. கொழும்பில் அவர் தவம் செய்தது மரத்தடியில் அல்ல, கம்பியூட்டர் திருத்துகிற கடையில் என்பது விளங்கிவிட்டது.

கூட்டம் வழி விடவில்லை. அதைத் தள்ளிக்கொண்டு ஆச்சிப்பிள்ளை வந்தாள். சாமிக்கு முன்னால் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"என்ட புள்ளைய கடல் ஒருக்காத்தான் கொண்டுபோனது. நீ எத்தன தரம் கொண்டுபோனாய்?"

சனம் விலக, சாமி தான் வந்த தோணிப் பக்கம் நடந்தார். ஒருவரும் கும்பிடவில்லை.

கூட்டம் கலைந்தது. திகதியைத் திருத்த எடுத்த கையைச் சுலோஜனா பாதியில் நிறுத்தித் தாயைப் பார்த்தாள்.

"மாத்து மகள். மாத்திப்போட்டு வா. சோறு திம்பம், பசிக்குது."

வெளியே கலைந்து போன கூட்டம் சந்தியில் மறுபடி கூடி நின்றது. கரடியனாற்றுப் பக்கம் ஒரு குளிர்சாதனப் பெட்டி கண்ணீர் வடிக்கிறதாம். எந்த வானில் போகலாம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கம்பியூட்டருக்குச் சக்தி காணாவிட்டால் ஏறாவூரில் பெட்டி வாங்கலாம். மனிசருடைய மூளைக்கு எந்தக் கடையிலும் பெட்டி விற்பதில்லை, விற்கவும் தேவையில்லை. அது பிறக்கும்போதே போதுமான சக்தியோடுதான் வருகிறது. சுவிட்சைப் போட ஏன் இவ்வளவு பஞ்சியும் சோம்பலும்?